ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: எது முதலில், எது பிறகு

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் 2022-23 குளிர்காலப் பருவத்திலிருந்து (இங்கே பருவம் என்றால் செமஸ்டர்) இந்தியர்கள்தான் அதிகம். அதற்கு முன்பு சீன மாணவர்கள் முதலிடத்தில் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறார்கள், அதிலும் பொறியியல் பக்கம்தான் கூட்டம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது முதல் ஈர்ப்பு. கட்டணம் இல்லை என்றால் செலவும் இல்லை என்று நினைத்து வந்து தவிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு அக்டோபரிலும் பார்க்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கான பதில்களைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இந்த நாட்டில் முந்தைய காகிதம் கையில் இல்லாமல் அடுத்த காகிதம் கிடைக்காது. வரிசை தெரிந்தால் பாதிச் சிரமம் குறையும்.

படிப்பைத் தேடும்போது

கிளம்ப வேண்டிய அக்டோபருக்கு ஒன்றரை வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள். டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகள் எல்லாம் பட்டியலாக இருக்கின்றன, இலவசமாகவே தேடலாம். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. ஏஜென்ட்டிடம் போனால் எந்தக் கல்லூரி அவருக்குக் கமிஷன் தருகிறதோ அந்தக் கல்லூரிதான் பட்டியலில் மேலே வரும். அது பெரும்பாலும் தனியார் கல்லூரியாக இருக்கும். தனியார் கல்லூரிகள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதி வகுப்பை ஆன்லைனில் நடத்தும் படிப்பென்றால் விசாவிலேயே சிக்கல் வரும். மாணவர் விசா நேரில் வகுப்புக்குப் போகும் படிப்புக்குத்தான்.

அரசுப் பல்கலைக்கழகங்களிலும் விதிவிலக்குகள் உண்டு. ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அந்த மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து மாஸ்டர்ஸுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அங்கே படித்த சீனியர் 'ஃப்ரீ' என்று சொன்னால் அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்று கேளுங்கள்.

அடுத்து உங்கள் மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 தான் மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. நம் சிஜிபிஏவை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, உங்கள் சிஜிபிஏ 7.5 என்றால் விடை 2.5. பல படிப்புகள் 2.5-க்கு மேல் போனால் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிக்கு 7.5 என்பது முக்கியமான எல்லைக்கோடு. தேர்ச்சி மதிப்பெண் 4 என்று எடுத்துக்கொண்டால் அதே 7.5-க்கு விடை 2.25 வரும். உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைக் கையெழுத்து, முத்திரையோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைவிடப் பாடப் பொருத்தத்தைத்தான் இங்கே கறாராகப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு கம்ப்யூட்டர் சயன்ஸ் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தால், இரண்டு வருடம் ஐடியில் வேலை பார்த்திருந்தாலும், தேவையான பாடங்களில் இத்தனை கிரெடிட் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கல்லூரி அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர்: இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் நம் பெயரும் ஒரு இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், அல்லது குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். ஆதாரில் இன்னொரு மாதிரி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். இங்குள்ள அலுவலகத்துக்கு மூன்று பேர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் வங்கி ஒரு மாதிரி, காப்பீடு ஒரு மாதிரி, பல்கலைக்கழகம் இன்னொரு மாதிரி பதிவு செய்துவிடும். பிறகு ஒன்றை ஒன்றோடு பொருத்த முடியாமல் நீங்கள்தான் அலைவீர்கள். விண்ணப்பங்களைத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்தபின் எல்லோரும் உங்களைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் கதவைத் திறந்து உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அது நீங்கள்தான், எழுந்து போங்கள்.

ஏபிஎஸ், விண்ணப்பம்

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துக் கொடுக்கும் சான்று அது. கட்டணம் 18,000 ரூபாய். கூட்டம் அதிகமாக இருக்கும் மாதங்களில் தாமதமாகும், எனவே அட்மிஷன் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்கின்றன. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வையும் இதே காலத்தில் எழுதிவிடுங்கள், பெரும்பாலான இடங்களில் 6.5 கேட்பார்கள்.

விண்ணப்பத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும். சில, யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக வாங்கும். யூனி-அசிஸ்ட்டில் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். நல்ல ஆங்கிலவழிப் படிப்புகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கடைசி நாள் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஜூலையில் விண்ணப்பித்து ஆகஸ்டில் அட்மிஷன் வந்தால் அக்டோபருக்குள் விசா கிடைப்பதும் பாடுதான்.

பணம்

ப்ளாக்ட் அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட கணக்கில் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை 11,904 யூரோ. இங்கே வந்தபின் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் கைக்கு வரும். தொகை அவ்வப்போது உயரும், எனவே பணம் அனுப்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

992 யூரோவில் வாழ முடியுமா? சிறிய ஊர்களில் முடியும். மாணவர் விடுதியில் அறை கிடைத்தால் வாடகைக்கு 300 முதல் 400 போகும். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மாணவர் கட்டணம் ஏறத்தாழ 150. வீட்டிலேயே சமைத்தால் சாப்பாட்டுக்கு 200-க்குள் அடக்கலாம். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு இதைக் குறைந்த விலையில், ஒவ்வொரு பருவமும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பருவக் கட்டணத்தோடு சேர்த்தே தருகின்றன. மியூனிக், ஃப்ராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் மாதிரி நகரங்களில் வெளியில் அறை எடுத்தால் வாடகையே 600-ஐத் தாண்டும், அங்கே 992 போதாது. இரண்டு ஊர்களில் அட்மிஷன் கிடைத்து எதைத் தேர்வு செய்வது என்று குழம்பினால், தர வரிசைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அந்த ஊர் வாடகையைப் பாருங்கள். ஆகன், கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மனாவ் போன்ற ஊர்களில் படித்து நல்ல வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

ப்ளாக்ட் அக்கவுண்ட் பணம் இறங்கிய அன்றே கிடைக்காது. முகவரிப் பதிவு முடிந்து, இங்கே நடப்புக் கணக்கு திறந்து, அதை இணைத்த பிறகுதான் முதல் மாதப் பணம் வரும். இதற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டு முன்பணம் கேட்பார்கள், பருவக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். ஃபாரெக்ஸ் கார்டிலும் ரொக்கமாகவும் சேர்த்து 2,000 யூரோவாவது தனியாக வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வங்கியில் படிப்புக் காலம் இரண்டு வருடம் என்று எழுதிக் கொடுப்பார்கள், தவணை தொடங்கும் தேதியும் அதையொட்டியே இருக்கும். ஆனால் இங்கே மாஸ்டர்ஸை நான்கு பருவத்தில் முடிப்பவர்கள் குறைவு. இன்டர்ன்ஷிப், தீசிஸ் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு பருவம் ஆவது சாதாரணம். படிப்பு முடியும் முன்பே ஊரில் அப்பாவுக்குத் தவணை எஸ்எம்எஸ் வரத் தொடங்கிவிடும். அந்த அழுத்தத்தில் தேர்வைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கடன் எடுக்கும்போதே, படிப்பு நீண்டால் தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்க முடியுமா, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வட்டி, பணம் கொடுத்த நாளிலிருந்தே ஏறும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து கணக்குப் பாருங்கள். பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதாது, பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

விசா

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். இப்போது ஜெர்மன் அரசின் தூதரகச் சேவைத் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பி ஆவணங்களை ஏற்றலாம். அவர்கள் பார்த்து முடித்தபின் நேரில் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோவுக்கு இணையான ரூபாய். நோக்கக் கடிதத்தை இணையத்தில் இருந்து நகலெடுக்க வேண்டாம். ஏன் இந்தப் படிப்பு, முன்பு படித்ததோடு இது எப்படிப் பொருந்துகிறது, இடையில் வருடங்கள் விட்டுப்போயிருந்தால் என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் மொழியில் நேராகச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் விசா மறுத்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எனவே முதல் விண்ணப்பத்திலேயே ஒரு ஆவணமும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு

அட்மிஷன் வந்ததும் விசாவுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை, அந்த ஊரின் ஷ்டுடீரெண்டென்வெர்க் விடுதிக்குப் பெயர் கொடுப்பது. மாணவர் நல அமைப்பு அது. குறைந்த வாடகை விடுதி, மென்சா என்கிற உணவகம், இலவச ஆலோசனை எல்லாம் அவர்கள் பொறுப்பு. காத்திருப்புப் பட்டியல் நீளம். இன்று பெயர் கொடுத்தால் அடுத்த பருவம்தான் அறை கிடைக்கும் என்ற ஊர்களும் உண்டு. ஆனாலும் கொடுத்து வையுங்கள்.

அது கிடைக்கும் வரை வேகே என்கிற பகிர்வு வீட்டில் ஓர் அறை தேட வேண்டும். விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள். 'கால்ட்' என்பது வெறும் வாடகை. 'வார்ம்' என்பது ஹீட்டர், தண்ணீர் போன்றவை சேர்த்து. நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது வார்ம். முன்பணமாக வெறும் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

ஏமாற்றுக்காரர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "நான் இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்." அழகான அறை, நகரின் நடுவில், 350 யூரோ. அதை நம்பி ஊரிலிருந்தே பணம் அனுப்பியவர்களுக்கு அது திரும்பி வரவே இல்லை. அறையை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். யாருமே இல்லையென்றால் முதல் மாதத்துக்கு ஹாஸ்டலிலோ குறுகிய கால வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு நேரில் தேடுவது நல்லது.

எந்த அறையானாலும் முதல் கேள்வி இதுதான்: "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" செய்ய முடியாது என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள்

அன்மெல்டுங் என்பது நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம், எனவே ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் தேதி பார்த்து வையுங்கள். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம் இவற்றோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளும் வேண்டும். இன்ன தேதியில் இன்னார் இந்த முகவரியில் குடிவந்தார் என்று அதில் இருக்கும். வாடகை ஒப்பந்தம் அதற்கு மாற்றாகாது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

அங்கே கொடுக்கும் பதிவுச் சான்றிதழ் ஒரே ஒரு தாள்தான். வங்கிக் கணக்கு, ப்ளாக்ட் அக்கவுண்ட், வசிப்பு அனுமதி என அடுத்த வேலைகளில் பெரும்பாலானவை அதைக் கேட்கும். வரி எண்ணும் அந்தப் பதிவை வைத்துத்தான் தானாகத் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் சம்பளத்தில் அதிக வரி பிடிப்பார்கள்.

தபால் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். குடியேறிய முதல் நாளே கீழே உள்ள தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண், வசிப்பு அனுமதிக்கான அழைப்பு, எல்லாமே தபாலில்தான் வரும். என்னோடு படித்த ஒருவருக்கு ஒரு மாதமாக எதுவுமே வரவில்லை. வங்கியில் போய்ச் சண்டை போட்டார். கடைசியில் பார்த்தால், பெட்டியில் முன்பு குடியிருந்தவர் பெயர்தான் இருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டினாலே போதும்.

காப்பீட்டில் ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. 30 வயதுக்குள் இருப்பவர்கள் அரசுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேருங்கள். தனியார் காப்பீடு மாதம் சில பத்து யூரோ மலிவாகத் தெரியும். ஆனால் அரசுக் காப்பீடு வேண்டாம் என்று ஒருமுறை விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை மாணவராகத் திரும்பி வர முடியாது. பல் வலி, எலும்பு முறிவு என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். 30 தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணம் கிடையாது, அவர்கள் கிளம்பும் முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவதற்கும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மின்னணுத் தகவல் போக வேண்டும்.

முகவரி பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் பகிர்வு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டிக்கொண்டிருந்தால், அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கொடுத்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவைத்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

விசா முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் உண்டு. விசா முடியும் முன் விண்ணப்பித்ததற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

வகுப்பும் தேர்வும்

வருகைப் பதிவு பெரும்பாலான பாடங்களில் இல்லை. உள்தேர்வு இல்லை, அசைன்மென்ட்டுக்கு மதிப்பெண் பல பாடங்களில் இல்லை. பருவ முடிவில் ஒரே ஒரு தேர்வு, அதில்தான் எல்லாம். நம் ஊரில் தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துப் படித்துத் தேறியவர்கள் இங்கே முதல் பருவத்திலேயே அடி வாங்குவார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், பருவத்துக்கு 30 கிரெடிட், மொத்தம் 120. முதல் பருவத்தில் ஆறேழு பாடம் எடுக்காதீர்கள். நான்கு எடுத்து நான்கிலும் தேறுவது மேல்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து, கடைசி நாளைத் தவறவிட்டு, தேர்வு அறை வாசலிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொரு பருவமும் உண்டு. அதேபோல, தயாராக இல்லை என்றால் குறித்த நாளுக்குள் பதிவை விலக்கிக்கொள்ளலாம். விலக்காமல் போகாமல் இருந்தால் 5.0 விழும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு கட்டாயப் பாடத்தில் பெரும்பாலும் மூன்று முறைதான் வாய்ப்பு. மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. அரியர் வைத்து எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பழக்கத்தில் வருகிற நமக்கு இது புரியவே நாளாகிறது. உங்கள் துறையின் தேர்வு விதிமுறைப் புத்தகத்தை முதல் மாதமே படியுங்கள். ஜெர்மனில் மட்டும் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள். இரண்டு முறை தோற்ற பாடம் இருந்தால், மூன்றாவது முறை எழுதும் முன் மாணவர் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கும் நாள் ஒன்று வைப்பார்கள், அதற்கும் தவறாமல் போங்கள். எங்கே மதிப்பெண் போனது என்று அங்கேதான் தெரியும்.

வேலையும் மொழியும்

2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுக்கூட உதவியாளர் வேலையான ஹிவி கிடைத்தால் அந்த நாட்கள் இந்த 140-இல் சேராது. படிப்போடு சேர்ந்த வேலை, பேராசிரியரின் அறிமுகம் இரண்டும் கிடைப்பதால் முதலில் அதைத் தேடுங்கள். டெலிவரி வேலைக்குப் போகும்போது, உங்களை ஊழியராக எடுக்கிறார்களா அல்லது சுயதொழில் செய்பவர் என்று எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். மாணவர் அனுமதியில் சுயதொழில் செய்ய வெளிநாட்டினர் அலுவலகத்தின் தனி ஒப்புதல் வேண்டும்.

மொழி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆங்கிலவழிப் படிப்புதானே என்று ஜெர்மன் கற்காமல் வராதீர்கள். வகுப்பை ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம். வீடு, டாக்டர், அலுவலகம், வேலை எதையும் அப்படி ஓட்ட முடியாது. சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல இடத்திலோ ஏ2 என்ற அடிப்படை நிலை வரையாவது முடித்துவிட்டு வாருங்கள். இங்கே வந்ததும் பல்கலைக்கழக மொழி மையத்தில் சேர்ந்து பி1, பி2 என்று அடுத்தடுத்த நிலைகளுக்குப் போங்கள். படிப்பு முடித்து ஒரு வருடம் வேலை தேடி அலைகிறவர்களிடம் பேசினால், பெரும்பாலும் மதிப்பெண்ணில் குறை இருக்காது, மொழியில்தான் இருக்கும்.

குளிர்காலம்

அக்டோபரில் வந்தவர்களுக்கு நவம்பர் கடினமாக இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆளே தெரியாது. ஊருக்கு ஃபோன் செய்யலாம் என்றால் குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வகுப்பு முடிந்து சமைத்துச் சாப்பிடும்போது அம்மா தூங்கியிருப்பார். தூக்கம் வராமல், எழவும் பிடிக்காமல், வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது பலருக்கு அந்த மாதங்களில் தொடங்குகிறது. லோன் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், இதைப் போய் எப்படி வீட்டில் சொல்வது என்று மறைப்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். மாணவர் நல அமைப்பில் மனநல ஆலோசனை இலவசம், ஆங்கிலத்திலும் பல ஊர்களில் கிடைக்கும். விஷயம் வீட்டுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகாது. அவசரத்துக்கு 112, இரவிலும் விடுமுறையிலும் டாக்டர் வேண்டுமென்றால் 116117.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். பல நகரங்களில் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மாவு எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து ஒரு சின்ன குக்கரும், டாக்டர் சீட்டோடு வழக்கமான மருந்துகளும், ஒரு கூடுதல் மூக்குக்கண்ணாடியும் கொண்டு வாருங்கள். கண்ணாடிக்கு இங்கே விலை அதிகம். அரிசி மூட்டை வேண்டாம். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா பக்கம் இருப்பவர்கள் ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். தேர்த் திருவிழாவில் ஜெர்மனியின் நடுவில் தமிழ்க் கூட்டத்தைப் பார்க்கலாம். அங்கே பழகும் குடும்பங்கள் வீடு தேடும்போதும் உடம்பு சரியில்லாதபோதும் உதவிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடியும் நேரத்தில்

பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். படிப்புக்கேற்ற வேலை கிடைத்து, சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால், பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதியான ப்ளூ கார்டு கிடைக்கும். 2026-இல் பொதுவாக ஆண்டுக்கு 50,700 யூரோ. ஐடி, பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கும் சுமார் 45,900 யூரோ போதும். ப்ளூ கார்டோடு 21 மாதம் ஓய்வூதிய நிதி கட்டி, பி1 ஜெர்மன் சான்றிதழும் இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம்.

இந்த 18 மாத அனுமதி தானாக வராது. மாணவர் அனுமதி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் அச்சாகி வரத் தாமதமாகும் என்பதால், எல்லாத் தேர்வும் முடிந்துவிட்டது என்று தேர்வு அலுவலகத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான சான்றையும் கேட்பார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீங்கியதும் காப்பீட்டில் மாணவர் கட்டணமும் நின்றுவிடும். வேலை கிடைக்கும் வரை தன்னார்வ உறுப்பினராகக் கூடுதல் தொகை கட்ட வேண்டியிருக்கும், மாதம் 200 யூரோவைத் தாண்டும். எனவே பெயரை நீக்கும் தேதியை முடிவு செய்யும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, எந்த நாளிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.